இடது கைப் பாதி

அன்றைக்கு அடையாறு வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சார் இருந்தார். எங்கள் கம்பெனி முதலாளி, வீடு அவருடையது. ஜன்னல் ஓரம் சக்கர நாற்காலியில். வலது கை மடியில் கிடந்தது. அவராக வைத்துக்கொண்டதல்ல. மாமி எடுத்து வைத்தது.

மாமி இருந்தார். சாரின் மனைவி. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். சார் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து மாமி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அக்கா இருந்தார். ஆபீஸில் போன் எடுப்பவர், பில் போடுபவர், கஸ்டமர் திட்டினால் வாங்கிக்கொள்பவர். வீடு மந்தைவெளி.

ஹார்டுவேர் அண்ணன் இருந்தார். சைதாப்பேட்டை. கம்ப்யூட்டர் கெட்டால் வருவார். கெடாவிட்டாலும் டீ நேரத்துக்கு வருவார்.

நான் இருந்தேன். புரோகிராம் எழுதுபவன்.

ஆபீஸ் சர்வரும் இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் அதையும் சேர்க்க வேண்டும். மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் என் மடியில் வந்தது. மாமி டீபாய் மேல் பழைய டவல் விரித்தார். அதன் மேல் வைத்தோம். பக்கத்தில் ஒரு திரை, ஒரு கீபோர்டு.

நான் மூன்று வருஷமாக எழுதியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள். வேறு எங்கும் இல்லை. பெட்டி பாஸ்வேர்டு கேட்டது. அது சாருக்கு மட்டும் தெரியும். சாருக்குப் பேச்சு போய்விட்டது.

மறுநாள் திங்கள். நந்தனத்தில் ஒரு கம்பெனி என்னை வரச் சொல்லியிருந்தது. போனில் பேசியவர் படிப்பைக் கேட்டார். பன்னிரண்டாவது பெயில் என்றேன். ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "சரி, சர்டிபிகேட் வேணாம். மூணு வருஷம் வேலை செஞ்சேன்றீங்க இல்ல, அதை ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா பேசலாம்."

ஓட்டிக் காட்ட வேண்டியது பெட்டிக்குள் இருந்தது.

*

நான் கணக்கில் பெயில். ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை கவர்மெண்ட் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்த வருஷம் அது. பள்ளிக்கூடம் பழைய இடத்தில், வீடு புது இடத்தில். ரெண்டு பஸ் மாற வேண்டும். பாதி நாள் போகவில்லை. போகாத நாளில் கணக்கு நடந்திருக்கிறது.

பிறகு ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. ஹால் டிக்கெட் பிரிண்ட், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் போட்டோ. ஆள் வராத நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும். வீடியோ பார்த்து புரோகிராம் எழுதக் கற்றேன். யார் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தார்கள் என்று கணக்குப் போட ஒன்று எழுதினேன். பிரிண்ட் எடுக்க வந்தவர் அதைப் பார்த்தார்.

"இது எங்க வாங்கினது?"

"நான் எழுதினது சார்."

"நீயா? எத்தனை நாள் ஆச்சு எழுத?"

"ரெண்டு மாசம் சார். நடுவுல ஒரு தடவை எல்லாம் அழிஞ்சுபோச்சு."

சிரித்தார். "நாளைக்கு வா" என்று ஒரு கார்டு கொடுத்தார். அவர்தான் சார். சர்டிபிகேட் கேட்கவில்லை. கடைசி வரை கேட்கவில்லை.

ஆபீஸ் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே பாத்திரக் கடை, மேலே நாங்கள். கீழே அண்டா விழுந்தால் மேலே பேச்சை நிறுத்துவோம். அடங்கியதும் தொடர்வோம். மழைக்காலத்தில் மேலிருந்து சொட்டும். பிரிண்டருக்கு அக்கா பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தார். பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் கழற்றுவோம். எலி ஒரு தடவை நெட்வொர்க் ஒயரைக் கடித்தது. ரெண்டு நாள் என் புரோகிராமில் தப்பு தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து ஒயரைத் தூக்கிக் காட்டினார். "மச்சி, உன் கோடிங்ல ஒண்ணும் இல்ல. பல்லு கீது பாரு, பல்லு."

நாங்கள் எழுதியது கல்யாண மண்டபத்துக்கான புரோகிராம். எந்தத் தேதி காலி, யார் அட்வான்ஸ் கொடுத்தார்கள், எத்தனை ரூம், எத்தனை சிலிண்டர். மண்டபத்து மேனேஜர் தன் மெஷினில் திறந்தால் அது எங்கள் ஆபீஸ் பெட்டிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும்.

நான் சேர்ந்த புதிதில் தேதியை வைத்து எழுதினேன். ஒரு தேதிக்கு ஒரு கல்யாணம். அவ்வளவுதானே என்று நினைத்தேன். தி. நகரில் ஒரு மண்டபம். ஒரு வீட்டுக்கு ஞாயிறு முகூர்த்தம். இன்னொரு வீட்டுக்கு சனிக்கிழமை முகூர்த்தம், அன்று சாயந்திரமே அங்கேயே ரிசப்ஷன். வேறு வேறு தேதி, புரோகிராம் ரெண்டையும் ஏற்றுக்கொண்டது. ஞாயிறு கல்யாணக்காரர்கள் சனிக்கிழமை மதியமே மாப்பிள்ளை அழைப்புக்கு மேளத்தோடு வந்து இறங்கினார்கள். உள்ளே வேறொரு மாப்பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

போனை அக்கா எடுத்தார். கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாரையும் விசாரிச்சாங்க" என்றார்.

சார் திட்டவில்லை. ஒரு பேப்பரை எடுத்துக் கோடு போட்டார். "மண்டபத்துக்கு நாள் ராத்திரி பன்னெண்டுக்கு மாறாதுடா. மத்தியானம் மூணு மணிக்கு மாறும். அங்கேர்ந்து எழுது." மறுபடி எழுதினேன். அதற்குப் பிறகு அந்தத் தப்பு வரவில்லை.

வேறு தப்புகள் வந்தன. தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகப் பிரிண்ட் ஆனது. "இன்னாபா, பொண்ணு பேரு டப்பா டப்பாவா வருது" என்று ஒரு மேனேஜர் வாட்ஸாப்பில் அனுப்பினார். ஆடி மாசம் முழுக்க உட்கார்ந்து சரி செய்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது. எங்களுக்கு அதுதான் ரிப்பேர் மாசம்.

எனக்கு முன்னால் இருந்த ஒருவர் புரோகிராமைக் காப்பி எடுத்துப் போய் வேறு பெயரில் விற்றிருக்கிறார். அதிலிருந்து சாருக்குப் பயம். எங்கள் மெஷினில் பென் டிரைவ் சொருகும் ஓட்டையைப் பசை வைத்து அடைத்தார். வெளியில் எங்கும் ஏற்றி வைக்கக் கூடாது என்றார். எழுதுவது எல்லாம் சர்வரில் இருக்கும். ராத்திரி அதை அணைப்போம், அணைத்தால் பூட்டிக்கொள்ளும். காலையில் சார் வந்து பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். பத்துத் தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிட வேண்டும் என்றார். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாலும் திறக்கக் கூடாது என்றார். அப்படியே செய்து கொடுத்தேன். நன்றாகவே வேலை செய்தது.

சார் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனபோது குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். அன்று காலை அவர் திறந்த சர்வரை அணைக்காமலே ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் ஓடிக்கொண்டிருந்தோம். ஞாயிறு மழை. கரண்ட் போனது. பாத்திரக் கடை வாட்ச்மேன் பிறகு சொன்னார். "மேல இன்னாமோ கத்திக்கினே இருந்திச்சு தம்பி. அப்புறம் நின்னுபோச்சு." கத்தியது யூபிஎஸ். நின்றது சர்வர்.

திங்கள் காலை பெட்டியைப் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. கீழே மிச்சம் பத்து என்று காட்டியது.

*

அந்தப் பத்தில் மயிலாப்பூரிலேயே நாலு தடவை போனது.

பாஸ்வேர்டு என்னவென்று எங்களுக்கு ஓரளவு தெரியும். தினமும் சார் செருப்பை விட்டுவிட்டு வந்து, கீபோர்டு முன்னால் நின்று, "கற்பகாம்பாள்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அடிப்பார். கம்பெனிக்கும் அம்பாள் பெயர்தான். மாமியும் அதையே சொன்னார். "பேங்க்குக்கு அம்பாள், கேஸ் புக்கிங்குக்கு அம்பாள், ரயில் டிக்கெட்டுக்கு அம்பாள். அவருக்கு வேற பேரே தெரியாதுடா." பேங்க்கும் கேஸும் ஓடிபி வைத்து மாற்றியாகிவிட்டது. என் பெட்டிக்கு ஓடிபி இல்லை.

பெயர் தெரியும். இங்கிலீஷில் எப்படி எழுதுவார் என்பதுதான் தெரியாது.

பேங்க் பாஸ்புக்கில் ஒரு மாதிரி இருந்தது. விசிட்டிங் கார்டில் கடைசியில் ரெண்டு ஏ. வாசல் போர்டில் நடுவில் ஒரு எச். அது தி. நகரில் ஒரு நியூமராலஜிக்காரர் சேர்த்தது. கூட்டினால் எட்டு வருகிறது, ஆகாது, ஒரு எச் போட்டால் எட்டு போய்விடும் என்றாராம். எட்டு போனதா தெரியாது. எச் வந்தது.

முதல் தடவையை அண்ணன் வீணாக்கினார். நான் டீ வாங்கப் போயிருந்தேன். கீபோர்டு வேலை செய்கிறதா என்று தன் பெயரை அடித்து என்டர் தட்டியிருக்கிறார்.

"சும்மா டெஸ்டு பண்ணேன் நைனா. பத்து குடுத்துக்கீது இல்ல."

"ஒம்போதுண்ணே இப்ப."

ரெண்டாவது அக்கா போட்டார், பாஸ்புக் மாதிரி. மூன்றாவது நான், போர்டு மாதிரி. நாலாவது அதையே எல்லாம் சின்ன எழுத்தில். பிறகு கையை எடுத்துவிட்டோம். சார் வீட்டுக்கு வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தோம். மூன்று வாரம் ஆனது. அதற்குள் மண்டபக்காரர்கள் டைரிக்குத் திரும்பிவிட்டார்கள். சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள். மாமி எங்களைக் கூப்பிட்டு, "என்னால நடத்த முடியாதுடா, வேற எடம் பாத்துக்கோங்கோ" என்றார். நந்தனத்துக்குப் போன் போட்டது அதற்குப் பிறகுதான்.

அடையாறுக்கு வந்தபோது திரையில் மிச்சம் ஆறு.

*

மாமி எங்களை உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். சார் எங்களைப் பார்த்தார். முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கண் நின்றது. ஆள் தெரிகிறது என்று புரிந்தது.

"சார், நல்லாருக்கீங்களா?" என்றேன்.

"ஆமா" என்றார்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கட்டை விரலைக் காட்டினார்.

அக்கா பக்கத்தில் போய்க் குனிந்தார். "சார், சர்வர் பாஸ்வேர்டு. அம்பாள் பேரு தானே?"

"ஆமா."

"அதுல எச் உண்டா சார்?"

"ஆமா."

நான் கீபோர்டை இழுத்தேன். அக்காவுக்குச் சந்தேகம். இன்னொரு தடவை கேட்டார். "எச் இல்லைங்களா சார்?"

"ஆமா."

அண்ணன் காபியை வைத்தார். "இன்னா நைனா இது? ரெண்டுக்கும் ஆமான்றாரு."

"எல்லாத்துக்கும் அதான்" என்றார் மாமி. "அந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சித்து. காபி வேணுமான்னாலும் ஆமா, வேண்டாமான்னாலும் ஆமா. கல்யாணமான நாள்லேர்ந்து இவர் வாயால ஒரு ஆமா வாங்க நான் பட்ட பாடு! இப்போ மொத்தமா குடுக்கறார்."

சார் வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

"டாக்டர் என்ன சொல்றாரு மாமி?"

"புரியறதாம். உள்ள எல்லாம் இருக்காம். வெளில வரதுக்கு வழி இல்லையாம்."

பெட்டியும் அப்படித்தான் இருந்தது.

மாமி ஒரு யோசனை சொன்னார். ரயில் டிக்கெட்டுக்கு அவர் சொல்லச் சொல்ல மாமிதான் அடிப்பாராம். அதில் எச் கிடையாது, பின்னால் ஒரு ஒன்று உண்டு. "அதையே போட்டுப் பாரேன்." போட்டேன். திரை சிவப்பானது. மிச்சம் ஐந்து.

"அபசாரம் பண்ணிட்டேனோ" என்றார் மாமி.

"இல்ல மாமி."

அண்ணன்தான் சொன்னார். "அவரு கையில கீபோர்டைக் குட்து பாக்கலாமே. வாய் மறந்தா கை மறக்குமா இன்னா?"

சர்வரில் செய்ய எனக்குப் பயம். தெரியாமல் என்டர் பட்டால் ஒன்று போய்விடும். மாமியின் லேப்டாப்பைத் திறந்து, வெறும் பக்கம் ஒன்றைப் போட்டு, சார் மடியில் தலையணை வைத்து அதன் மேல் வைத்தேன். மாமி குனிந்து அவர் காதருகில் சொன்னார். "ஆபீஸ் வந்தாச்சு. சர்வர் போடுங்கோ."

சார் திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு இடது கை தானாக எழுந்து கீபோர்டின் இடது பக்கம் வந்து உட்கார்ந்தது. விரல்கள் வளைந்து ஒவ்வொன்றும் ஒரு விசைக்கு மேல் நின்றன. அடித்தார். நடுவில் நின்றார், அடித்தார், நின்றார். முடிந்ததும் கை அந்தரத்தில் நின்றது. திரையில் இது இருந்தது.

aragaabaa1

"இன்னாது, அரகாபாவா?" என்றார் அண்ணன். "இன்னா சாமி இது?"

எனக்கும் புரியவில்லை. நான் ரெண்டு விரலால் அடிப்பவன். அக்கா மட்டும் திரையைப் பார்க்கவில்லை, சாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் டைப்ரைட்டிங் படிச்சவரா மாமி?"

"ஹையர் பாஸ். அதுல கெடச்ச வேலைதானே முதல்ல."

அக்கா என்னிடம் சொன்னார். "டேய், இது பாதிடா. இன்ஸ்டிடியூட்ல கீபோர்டை ரெண்டாப் பிரிச்சுக் குடுப்பாங்க. இந்தப் பக்கத்து எழுத்து இடது கை, அந்தப் பக்கத்து எழுத்து வலது கை. மாத்தி அடிச்சா விரல்லயே ஸ்கேலால போடுவாங்க. சார் மாத்த மாட்டாரு. இடது கை அதோட எழுத்தை மட்டும் அடிக்குது. வலது கைக்கு வர்ற எடத்துல நிக்குது."

பார்த்தேன். K இல்லை. P இல்லை. M இல்லை, L இல்லை. அவை எல்லாம் வலது பக்கம். மிச்சம் சரியாக இருந்தது. ஏ எங்கே ஒன்று, எங்கே ரெண்டு என்று தெரிந்துவிட்டது. கேட்டு வாங்க முடியாததை அரை நிமிஷத்தில் அடித்துவிட்டார்.

இன்னொரு தடவை அடிக்கச் சொன்னோம். அதேதான் வந்தது. இந்தத் தடவை அக்கா சுண்டு விரலைக் காட்டினார். முதலில் அது கீழே போய் ஷிஃப்டை அழுத்தியது. "முத எழுத்து கேப்பிட்டல். வலது கை எழுத்துக்கு ஷிஃப்ட் இடது கை போடணும். கேப்பிட்டல் K."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "யக்கா, நீ போலீஸ்ல இருக்க வேண்டியவ!"

திறந்துவிடும் என்று நினைத்தேன். நாளைக்கு நந்தனத்தில் ஓட்டிக் காட்டிவிடுவேன் என்று நினைத்தேன்.

ஆனால் எச் வலது பக்கம். இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. கடைசியில் ஒரு ஒன்று. அதற்குப் பிறகு நூற்றெட்டு மாதிரி பூஜ்யமும் எட்டும் வந்தால் அவையும் வலது பக்கம். ஒன்றை அடித்துவிட்டு சாரின் இடது கை தூக்கியபடி காத்திருந்தது. சார் தன் வலது கையைப் பார்த்தார். மிச்சத்தை அது அடிக்கட்டும் என்பது போல.

மாமிக்குப் பொறுக்கவில்லை. வலது கையை எடுத்து கீபோர்டு மேல் வைத்தார். "இதையும்தான் வெச்சுப் பாப்போமே." கை கனமாக இறங்கியது.

jjjjjjjjjjjjjjjjjjjj

வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனது. நிற்கவில்லை. கை எடுக்காமல் இருந்ததால் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி கையை எடுத்து மறுபடி மடியில் வைத்தார். தலைப்பால் கீபோர்டைத் துடைத்தார்.

"ஆமா" என்றார் சார்.

*

நூற்றெட்டு என்று வைத்துக்கொண்டோம். அம்பாள் பெயருக்குப் பின்னால் வேறு என்ன வரும். எச் இல்லாமல் போட்டேன். சிவப்பு. மிச்சம் நாலு.

எச் வைத்துப் போட்டேன், போர்டில் இருக்கும் அதே இடத்தில். சிவப்பு. மிச்சம் மூன்று.

அண்ணன் சாரை இன்னொரு தடவை அடிக்க வைக்கச் சொன்னார். ஒன்றுக்குப் பிறகு கை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தொடையில் தட்டி எண்ணினார். "டக், டக், டக். மூணு தட்டு. ஆயிரத்தி எட்டு நைனா."

"ரெண்டுதாண்ணா. நூத்தியெட்டு" என்றார் அக்கா. "மூணாவது என்டர்."

"நூத்தியெட்டுதான் ஊத்திக்கிச்சே."

"எச் வேற எடத்துல இருக்கலாம்ல."

"எங்க இருக்கும் சொல்லு. நாலு எடத்துல சொருவலாம். மூணு சான்ஸுதான் கீது."

சாரைப் பார்த்தார்கள். "ஆயிரத்தெட்டா சார்?" "ஆமா." "நூத்தெட்டா?" "ஆமா." குரலில் வித்தியாசம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டோம். எனக்கு ரெண்டாவது கொஞ்சம் அழுத்தமாக இருந்த மாதிரி இருந்தது. அண்ணனுக்கு முதலாவது.

ஆயிரத்தெட்டு போட்டேன். சிவப்பு. எச் வைத்து ஆயிரத்தெட்டு. சிவப்பு.

மிச்சம் ஒன்று.

மாமி சமையலறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, சாப்பாடு ஆகிவிட்டது, கை அலம்பிக்கொண்டு வாங்கோ என்றார். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமி சாருக்கு ஸ்பூனில் ஊட்டினார். ஒரு பக்கம் வழிந்தது. துடைத்தார், ஊட்டினார். அண்ணன் ரெண்டாவது தடவை குழம்பு கேட்டார். "பேஷா போட்டுக்கோ" என்றார் மாமி.

சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் வந்தார். "நாளைக்கு உனக்கு இது வேணுமாமே. அவ சொன்னா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா மாமி."

"இது இல்லேன்னா?"

"எடுப்பாங்களான்னு தெரியல மாமி."

மாமி பெட்டியைப் பார்த்தார். "அப்போ அந்த ஒண்ணையும் நீயே போட்டுடு. எனக்கு அதுக்குள்ள ஒண்ணும் வேண்டாம். உன் உழைப்புடா அது. திறந்தா எடுத்துண்டு போ. போனாப் போறது."

கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். இன்னும் எத்தனை மாதிரி எழுதலாம் என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். எச் P-க்குப் பின்னால். எச் G-க்குப் பின்னால். பூஜ்யம் இல்லாமல் பதினெட்டு. பதினாறு. எல்லாம் சரி மாதிரியே இருந்தது. ஒன்றுதான் சரியாக இருக்க முடியும்.

சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். நாலு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கை தொடையில் மெல்ல அசைந்தது. பாதியை அடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"சார், போடட்டுமா?" என்றேன்.

"ஆமா."

"வேணாமா சார்?"

"ஆமா."

பேச்சு என்றாவது வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தால் சொல்லிவிடுவார். நான் இப்போது தப்பாகப் போட்டால், அவருக்குப் பேச்சு வந்தாலும் பிரயோஜனம் இல்லை. நாளைக்கு வராது. நாளைக்கு எனக்கு வேண்டும்.

கீபோர்டைத் தள்ளி வைத்தேன். பிறகு பின்னால் கை விட்டு ஒயரைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

"ஏன்டா?" என்றார் மாமி.

"இருக்கட்டும் மாமி."

அண்ணன் கீழே வரை வந்தார். வண்டியில் ஏறும்போது, "பொயப்பு போச்சே மச்சி" என்றார். "உன் எடத்துல நானா இருந்தா அட்ச்சிருப்பேன்." சரிண்ணே என்றேன்.

*

திங்கள்கிழமை நந்தனம் போனேன். ஏசி அறை. டி-ஷர்ட் போட்ட ஒருவர். என்னைவிட ரெண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார்.

"லேப்டாப் கொண்டு வரலையா? எதுல காட்டுவீங்க?"

நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நம்பினார் என்றும் சொல்ல முடியாது.

"நெட்ல எங்கயுமே போட்டு வைக்கலையா? ஒரு காப்பி கூடவா?"

"விட மாட்டாங்க சார்."

"இப்ப எங்கயாவது ஓடுதா?"

"இல்ல சார். எல்லாம் அந்தப் பெட்டிக்கு வந்து போறதுதான்."

மேஜையில் பேனாவைத் தட்டினார். நல்ல மனிதர். எழுந்து போய் ஒரு மெஷின் எடுத்து வந்து வைத்தார். "சாயந்திரம் வரைக்கும் டைம் எடுத்துக்கங்க. அதையே எழுதிக் காட்டுங்க. நீங்க எழுதினதுதானே."

நான் எழுதியதுதான். உட்கார்ந்தேன். மதியம் மூன்று மணிக்கு நாள் மாறும் இடத்தை முதலில் எழுதினேன். அது விரலில் இருந்தது. அட்வான்ஸ் வாங்குவதை எழுதினேன். தேதியைத் தள்ளிப் போட்டால் பணம் என்ன ஆகும் என்பதை எழுத ஆரம்பித்தேன். மூன்று வருஷத்தில் அதை எத்தனையோ தடவை மாற்றி மாற்றிச் சரி செய்திருந்தேன். கடைசியாகச் சரி செய்தது எப்படி என்று வரவில்லை. பழைய தப்புகள்தான் வந்தன. எழுதினேன், அழித்தேன். மதியம் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

ஐந்து மணிக்கு அவர் வந்தார்.

"ஓடுதா?"

"தேதி பார்க்கிறது ஓடும் சார். பணம் பக்கம் நிக்குது."

அவரே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். தேதி வந்தது. பணத்துக்குப் போனதும் நின்றது. ரெண்டு தடவை செய்து பார்த்தார்.

"எழுத வருது உங்களுக்கு" என்றார். "ஆனா மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு இதை வெச்சு நான் மேல சொல்ல முடியாது. ஃப்ரெஷர்னு எடுக்கலாம். ஃப்ரெஷர்னா டிகிரி கேப்பாங்க."

"சரிங்க சார்."

"சாரி."

"பரவால்ல சார்."

எழுதியதை எனக்கு அனுப்பிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். என் மெயிலுக்கு அனுப்பிவிட்டு மெஷினை மூடினேன். கீழே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் கூட்டம். அம்மா போன் செய்தார்.

"இன்னாடா ஆச்சு?"

"வர்றேன்மா."

"கெட்ச்சுதா இல்லியா, அத்த சொல்லு."

"இல்ல."

"சரி, நனையாம வா" என்று வைத்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. போனில் மெயிலைத் திறந்து பார்த்தேன். மூன்று வருஷம் எழுதியதில் என்னிடம் இருப்பது அதுதான். சைதாப்பேட்டைப் பாலம் தாண்டும்போது மேலிருந்து கீழே தள்ளி, எத்தனை வரி என்று பார்த்தேன்.

நானூற்றுப் பன்னிரண்டு.